பரண் மேல் கிடந்த கம்ப்யூட்டர்

“பரணைக் காலி பண்றதா அண்ணன் சொன்னாரே அண்ணி! என்ன வேணும்னாலும் தூக்கிப் போடுங்க. என் லாப்டாப்பை மட்டும் காயலான் கடையிலே போட்டுடாதீங்க. அதிலேதான் அம்மா போட்டோ எல்லாம் இருக்கு!”

கோயமுத்தூரிலிருந்து என் நாத்தனார் போனில் இப்படிச் சொன்ன அதே சமயம், அந்த லாப்டாப்பைத்தான் மடியில் வைத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். போடுவதா, வைத்துக்கொள்வதா என்று யோசித்துக்கொண்டிருந்தவளுக்குச் சுருக்கென்றது.

2011 செப்டம்பரில் தமிழக அரசு, அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் படிக்கும் பிள்ளைகளுக்கு இலவச லாப்டாப் கொடுக்க ஆரம்பித்ததல்லவா? அதற்கு அடுத்த வருஷம், பிளஸ் டூ படிக்கும்போது அவளுக்குக் கிடைத்தது அது. எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் கம்ப்யூட்டர். என் மாமியார் அதைச் சாமி அலமாரிக்கு முன்னால் வைத்து, குங்குமம் இட்டு, கற்பூரம் காட்டிவிட்டுத்தான் திறக்கவே விட்டார். மூடியின் ஓரத்தில் அந்தக் குங்குமக் கறை இன்னும் இருக்கிறது. காலேஜ் முடிகிற வரை அவளுடைய கைப்பிள்ளை மாதிரி இருந்தது. கல்யாணமாகிப் போனபோது இங்கேயே விட்டுவிட்டுப் போனாள். மாமியார் காலமாகிச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. லாப்டாப் பரணேறிவிட்டது.

இப்போது எனக்கும் ஒரு கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. மூத்தவன் எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு ‘ப்ராஜெக்ட்’ கேட்கிறார்கள். என் போனைப் பிடுங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுகிறான். அந்தச் சின்னக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து அவன் கண்ணுக்கு என்ன ஆகுமோ என்று எனக்கு வயிற்றெரிச்சல். புதிதாக வாங்க விலை கேட்டால், இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு கண்முன் வந்து நிற்கிறது.

சரி, இதையே சரிபண்ணிப் பார்ப்போம் என்று பக்கத்துக் கடைக்கு எடுத்துப் போனேன். பட்டனை அழுத்தினால் ஜன்னல் படம் வந்து, சுற்றிச் சுற்றி அப்படியே நிற்கும். பத்து நிமிஷமானாலும் உள்ளே போகாது. கடைக்காரர் திறந்துகூடப் பார்க்கவில்லை. “இதெல்லாம் பிரயோஜனம் இல்லைக்கா. வேணும்னா ஃபார்மட் பண்ணித் தரேன். ஆனா ரெண்டே மாசத்திலே மறுபடி இப்படித்தான் நிக்கும். புதுசு ஒண்ணு போட்டுடுங்க” என்றார். ‘ஃபார்மட்’ என்றால் உள்ளே இருப்பதை எல்லாம் துடைத்தெறிவது என்று எனக்கு அப்போது தெரியாது. உள்ளே என்ன இருக்கிறது என்று அவரும் கேட்கவில்லை. நல்லவேளை, “வீட்டிலே கேட்டுட்டு வரேன்” என்று சொல்லிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுப் பெண் எஞ்சினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். அன்று சாயங்காலம் வெந்தயக்கீரை வாங்க வந்தவள் மேஜை மேல் லாப்டாப்பைப் பார்த்துவிட்டு, “அக்கா, இது கெட்டுப் போகலை. இதோட வயசுக்கு மீறின பாரத்தை இது தலையிலே வச்சிருக்கீங்க. பாரத்தை இறக்கினா ஓடும்” என்றாள். அதற்கப்புறம் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவளோடு உட்கார்ந்து தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் கம்ப்யூட்டர் படித்தவள் அல்ல. தப்பு செய்து கற்றுக்கொண்டவள். அதனால் எங்கே கால் இடறும் என்று சொல்லத் தெரியும்.

மேடை சின்னது, பாத்திரம் பெரிது

கம்ப்யூட்டர் ஏன் மெதுவாகிறது? அவள் சொன்ன விளக்கம் என் மனசில் அப்படியே நின்றுவிட்டது. கம்ப்யூட்டரைச் சமையலறையாக நினைத்துக்கொள்ளுங்கள். சமைப்பவர் பிராஸஸர். அரிசி, பருப்பு, பாத்திரம் எல்லாம் அடுக்கியிருக்கும் அலமாரி ஹார்ட் டிஸ்க். எடுத்து வைத்து வேலை செய்கிற மேடைதான் ‘ராம்’. மேடை பெரிதாக இருந்தால் நாலு பாத்திரத்தையும் பரப்பிக்கொண்டு ஒரே மூச்சில் வேலையை முடிக்கலாம். சின்ன மேடை என்றால் ஒன்றை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டுத்தான் இன்னொன்றை இறக்க வேண்டும். பாதி நேரம் எடுத்து வைப்பதிலேயே போய்விடும். கம்ப்யூட்டரில் ஒரு மணல் கடிகாரமோ வட்டமோ சுற்றிக்கொண்டே இருக்கிறதே, அது இந்த எடுத்து வைக்கிற வேலைதான்!

எங்கள் லாப்டாப்பின் மேடை 2 ஜி.பி. அதில் இருந்தது விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்ற சிக்கனப் பதிப்பு. அதில் திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது. ‘அம்மா போட்டோவை வைக்க வரமாட்டேங்குது’ என்று நாத்தனார் அந்தக் காலத்தில் அழுதது ஞாபகம் வந்தது. 2 ஜி.பி.க்கு மேல் ராம் போட்டாலும் அது எடுத்துக்கொள்ளாது. போதாக்குறைக்கு, விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2020 ஜனவரி 14-ம் தேதியோடு நின்றுவிட்டது. 2023 பிப்ரவரி முதல் கூகுள் குரோமின் புதுப் பதிப்புகளும் அதில் ஏறுவதில்லை. பூட்டு தேய்ந்துபோன கதவு மாதிரி. அதில் பாங்க் கணக்கைத் திறப்பது ரொம்பத் தப்பு.

விண்டோஸ் 10 வைத்திருக்கிற சகோதரிகளும் இதைக் கவனிக்க வேண்டும். அதற்கும் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு இலவச ஆதரவு முடிந்தது. தனியாகப் பதிவு செய்துகொள்கிற வீட்டு உபயோகக்காரர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்களை நீட்டித்தார்கள். விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அது குறைந்தது 4 ஜி.பி. ராமும், ‘டி.பி.எம். 2.0’ என்ற பாதுகாப்புச் சில்லும் கேட்கிறது. இன்டெல் பிராஸஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பின்னதோ வேண்டும். ஆக, நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற எத்தனையோ கம்ப்யூட்டர்கள் ‘பழசு’ என்று ஒதுக்கப்பட்டுவிட்டன.

மாற்று என்ன? லினக்ஸ். பேரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பின்லாந்து தேசத்தில் ஹெல்ஸிங்கி சர்வகலாசாலை மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் எழுதத் தொடங்கியது. இன்று உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து வளர்க்கிறார்கள். உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் அடித்தளமாக இருப்பது இதுதான். வீட்டு உபயோகத்துக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. சொல்லப்போனால் அரசு கொடுத்த அந்த லாப்டாப்பிலேயே விண்டோஸோடு கூட ‘பாஸ்’ என்று இன்னொன்று இருந்தது. மத்திய அரசின் ஸி-டாக் நிறுவனம் உருவாக்கிய லினக்ஸ் அது. நாங்கள்தான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை!

லினக்ஸ் என்பது ஒன்றல்ல. ஒரே மாவில் இட்லி, தோசை, ஊத்தப்பம், பணியாரம் என்று வார்ப்பது போல, அதே அடிப்படையை வைத்துப் பலர் பல பதிப்புகள் தயாரிக்கிறார்கள். சிலது கனமானது, சிலது பஞ்சு மாதிரி. நம்முடைய பழைய கம்ப்யூட்டருக்கு எது என்பதுதான் கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருந்தது.

முதலில் போட்டோ

“எதைப் போடறதுன்னு அப்புறம் பார்ப்போம் அக்கா. முதல்லே உள்ளே இருக்கிறதை வெளியே எடுப்போம்” என்றாள் அந்தப் பெண். இதை நான் ஆயிரம் தடவை சொல்வேன். எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் ஆர்வக்கோளாறில் மகன் ஏதோ ஒரு பட்டனைத் தட்டிவிட, குழந்தையின் காது குத்துப் படம் முதல் வீட்டுக் கடன் காகிதம் வரை போய்விட்டது.

விண்டோஸே திறக்காதபோது எப்படி எடுப்பது? இங்கேதான் லினக்ஸின் ஒரு அருமையான குணம். அதைக் கம்ப்யூட்டருக்குள் போடாமலேயே, ஒரு பென் டிரைவில் வைத்து அங்கிருந்தே ஓட்டலாம். அலமாரியைத் தொடாமல், வாசலில் கல் அடுப்பு மூட்டிச் சமைப்பது மாதிரி. 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்று போதும். ஆனால் அதில் ஏற்கெனவே இருப்பவை அழிந்துவிடும். காலியானதாகப் பார்த்து எடுங்கள். நல்ல கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸைத் தரவிறக்கி, ‘ரூஃபஸ்’ அல்லது ‘எட்சர்’ என்ற இலவசச் செயலி மூலம் பென் டிரைவில் ஏற்ற வேண்டும். சாதாரணமாக ‘காப்பி’ செய்தால் வேலைக்கு ஆகாது. பிறகு பழைய லாப்டாப்பில் அதைச் செருகி, பவர் பட்டனைத் தட்டியதுமே எஃப்12 விசையை விடாமல் தட்ட வேண்டும். சில கம்பெனிகளில் எஃப்9, சிலதில் எஸ்கேப். ‘எதிலிருந்து தொடங்கட்டும்?’ என்று ஒரு பட்டியல் வரும். பென் டிரைவைத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான்.

அவள் கொண்டு வந்தது ‘பப்பி லினக்ஸ்’. நாய்க்குட்டி! 2003-ல் ஆஸ்திரேலியாக்காரர் பாரி காலர் தொடங்கியது. இது மொத்தமாக ராமுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துகொண்டு ஓடும் ரகம். சில நிமிஷங்களில், இத்தனை நாள் மூர்ச்சையாகக் கிடந்த திரையில் ஒரு படமும் சின்னச் சின்னப் பொம்மைகளும் வந்து நின்றன. அதில் ஹார்ட் டிஸ்க் என்று காட்டியதைத் திறந்தால், ‘அம்மா’ என்று பெயரிட்ட ஒரு பெட்டி!

திறந்து பார்க்கக் கை பரபரத்தது. அவள் தடுத்துவிட்டாள். “பார்க்கறது அப்புறம். டிஸ்க் பழசு. ஓடும்போதே காப்பி எடுத்துடணும்.” டிஸ்க்கிலிருந்து ‘டிக், டிக்’ என்று சத்தம் வந்தால் அது சாகக் கிடக்கிறது என்று அர்த்தமாம், அப்படி இருந்தால் உடனே நிறுத்திவிட்டு விஷயம் தெரிந்தவரிடம் கொடுப்பதே உசிதம். எங்களுடையது பிழைத்தது. இன்னொரு பென் டிரைவுக்கு எல்லாவற்றையும் நகல் எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதிலிருந்து மறுபடி என் கணவரின் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு நகல். ஒரு நகல் நகலே இல்லை என்பது அவள் கட்சி.

மூன்று ஞாயிறு, மூன்று ருசி

இனி எதைப் போடுவது? அந்த நாய்க்குட்டியையே வைத்துக்கொள்ளலாமே என்றேன். அவளுக்கு இஷ்டமில்லை. பப்பியில் வழக்கமாக எல்லா அதிகாரமும் உள்ள எஜமானர் கணக்கிலேயே வேலை நடக்கும். பிள்ளைகள் எதைத் தொட்டாலும் தடுக்க ஆளில்லை. அவசரத்துக்கு உதவுகிற முதலுதவிப் பெட்டி அது. தினசரிக் குடித்தனத்துக்கு வேறு வேண்டும் என்றாள். எனக்கும் நியாயமாகப் பட்டது.

அடுத்து ‘ஆன்டிஎக்ஸ்’. டெபியன் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. 512 எம்.பி. ராம் இருந்தாலே நடக்கும் என்கிறார்கள். எங்கள் 2 ஜி.பி. லாப்டாப்பில் இது சிட்டாய்ப் பறந்தது. ஒன்றும் திறக்காமல் சும்மா இருக்கும்போது 300 எம்.பி.கூடப் பிடிக்கவில்லை. மகனுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் எனக்கு? எங்கே எது இருக்கிறது என்றே புரியவில்லை. அலங்காரம் சுத்தமாகக் கிடையாது. மெனுவில் ஒரே மாதிரி வேலைக்கு நாலு நாலு பெயர்கள். ஒரு கடிதத்தை எங்கே சேமித்தேன் என்று தேடிக் கால் மணி நேரம் போயிற்று. வேகத்தில் மிச்சம் பிடித்ததை நான் தேடுவதில் தொலைத்தேன்.

மூன்றாவது ஞாயிறு ‘லினக்ஸ் மின்ட்’. இதில் பழைய கம்ப்யூட்டருக்கென்று ‘எக்ஸ்எஃப்ஸிஇ’ என்ற எளிய முகப்புடன் ஒரு பதிப்பு இருக்கிறது. பார்க்க லட்சணம். கீழே இடது ஓரத்தில் மெனு, விண்டோஸ் பழகியவர்களுக்குக் கை தானாகப் போகிறது. குறைந்தது 2 ஜி.பி., சௌகரியமாக ஓட 4 ஜி.பி. என்று அவர்களே சொல்கிறார்கள். எங்களிடம் சும்மா இருக்கும்போதே ஏறக்குறைய 800 எம்.பி. எடுத்துக்கொண்டது. பாடத்துக்கான வீடியோவைத் திறந்ததும் மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது.

அன்றைக்கே மாற்றிப் பார்த்தது ‘லுபுண்டு’. உபுண்டு குடும்பத்தில் எடை குறைந்தவள். 2018 அக்டோபரிலிருந்து ‘எல்எக்ஸ்க்யூடி’ என்ற முகப்போடு வருகிறது. ஆன்டிஎக்ஸ் அளவுக்கு வேகமில்லை, மின்ட் அளவுக்கு அழகில்லை. ஆனால் நான் யாரையும் கூப்பிடாமல் ஒரு கடிதம் எழுதி, சேமித்து, மறுபடி கண்டுபிடித்துத் திறந்தேன்! அதுவே எனக்குப் போதுமான பரீட்சையாக இருந்தது.

பென் டிரைவில் ஓட்டும்போது எதுவுமே கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும். உள்ளே போட்டுவிட்டால் இன்னும் சுறுசுறுப்பாகும். அதை மனசில் வைத்துக்கொண்டு எடை போட வேண்டும்.

இந்தச் சோதனையில் எனக்குப் புரிந்த பெரிய விஷயம் ஒன்று உண்டு. ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைவிட பிரவுஸர்தான் பெருந்தீனிக்காரன். எந்த லினக்ஸ் போட்டாலும், பயர்பாக்ஸில் யூடியூபும் மெயிலும் வாட்ஸப்புமாக நாலு பக்கம் திறந்தால் ஒரு ஜி.பி. சர்வசாதாரணமாகப் போய்விடுகிறது. அதனால் 2 ஜி.பி. கம்ப்யூட்டரில் லினக்ஸ் 300 எம்.பி. பிடிக்கிறதா 800 பிடிக்கிறதா என்பது பெரிய வித்தியாசம். 8 ஜி.பி. உள்ளதில் அதே வித்தியாசம் சமுத்திரத்தில் கரைத்த பெருங்காயம். இருப்பதிலேயே எடை குறைந்ததைத்தான் போடுவேன் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். ‘டைனி கோர்’ என்று ஒன்று இருக்கிறது; சுமார் 20 எம்.பி.தான், வாட்ஸப்பில் வரும் ஒரு கல்யாண வீடியோ அளவு! ஆனால் அது வெறும் நாலு சுவர். கரண்டி முதல் எல்லாம் நாமே வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். யார் உட்கார்ந்து செய்வது?

உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். விண்டோஸ் திறக்குமானால் ‘கம்ப்யூட்டர்’ மேல் வலது பக்கம் அழுத்தி ‘ப்ராபர்டீஸ்’ போனால் ராம் எவ்வளவு என்று தெரியும். 4 ஜி.பி. என்றால் யோசனையே வேண்டாம், மின்ட் எக்ஸ்எஃப்ஸிஇ போடுங்கள். அதன் 22-ம் பதிப்பு வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் வரும். 2 ஜி.பி. என்றால் லுபுண்டு. ஒரு ஜி.பி.யோ அதற்கும் கீழோ என்றால் ஆன்டிஎக்ஸ். ஆனால் அதில் டைப் அடிக்கலாம், பாட்டுக் கேட்கலாம், இன்டர்நெட்டில் பெரிதாக ஆசை வைக்கக் கூடாது. வீட்டில் இன்டர்நெட் எப்போதும் இருந்து, பிரவுஸரைத் தவிர வேறொன்றும் வேண்டாம், ராம் 4 ஜி.பி. என்பவர்கள் கூகுளின் ‘குரோம் ஓ.எஸ். ஃப்ளெக்ஸ்’ பார்க்கலாம். எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை. எங்கள் ஊரில் மழை வந்தால் முதலில் போவது இன்டர்நெட்தான்.

அதே இடத்தில் ‘32 பிட்’ அல்லது ‘64 பிட்’ என்று ஒரு வரி வரும். நான் ஏமாந்த இடம் இது. எங்களுடையதில் 32 பிட் என்று வந்தது. 32 பிட்டுக்கான பதிப்புகள் அருகிக்கொண்டே வருகின்றன. மின்ட், லுபுண்டு இரண்டின் இப்போதைய பதிப்புகளும் 64 பிட் மட்டும்தான். லினக்ஸில் ஓடும் 32 பிட் குரோமைக் கூகுள் 2016-லேயே கைவிட்டது. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13-ல் 32 பிட் கம்ப்யூட்டர்களில் புதிதாக நிறுவ வழியில்லை. போச்சு, நம்மால் முடியாது என்று உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் சிரித்தாள். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்பது 32 பிட்டாக மட்டுமே வந்ததாம். அதனால் எந்த மெஷினில் போட்டாலும் 32 என்றுதான் காட்டும். உள்ளே இருக்கும் பிராஸஸரின் பெயரை எழுதி இன்டர்நெட்டில் தேடிப் பார்த்தோம். அது 64 பிட்! சட்டை சின்னது, ஆள் சின்னதல்ல.

செலவு செய்த இரண்டு இடங்கள்

லினக்ஸ் இலவசம் என்றாலும் இரண்டு பொருளுக்குப் பணம் செலவழித்தேன். இரண்டும் வீண் போகவில்லை. ஒன்று, பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. பழைய டிஸ்க் கிராமபோன் மாதிரி. தட்டு சுற்ற, முள் நகர்ந்து நகர்ந்து தேடும். எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவது எதுவுமில்லை. கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிடும். ஆபீஸ் வேலைக்கென்று பெரிய பெரிய கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள்கூட இதைக் கவனிப்பதில்லை. இதில் இன்னொரு லாபம்: பழைய டிஸ்க்கை அழிக்கவே வேண்டாம். அப்படியே கழற்றி, ஒரு துணியில் சுற்றி, பீரோவில் வைத்துவிட்டேன். எந்தப் பட்டனைத் தப்பாகத் தட்டினாலும் அதற்கு ஆபத்தில்லை.

இன்னொன்று, காலியாக இருந்த இடத்தில் மேலும் 2 ஜி.பி. ராம். பழைய லாப்டாப்புகளுக்குப் பெரும்பாலும் டி.டி.ஆர்.3 என்ற ரகம். அதிலும் 1.5 வோல்ட், 1.35 வோல்ட் என்று இரண்டு உண்டு. ஏற்கெனவே இருப்பதைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போய் ஜோடி பார்த்து வாங்குங்கள், ரவிக்கைத் துணி வாங்குவது போல. இரண்டுமாகச் சேர்த்து, புதுக் கம்ப்யூட்டர் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆயிற்று. 4 ஜி.பி. ஆனதும் மின்டுக்கு மாறியிருக்கலாம். ஆனால் அதற்குள் லுபுண்டு கைக்குப் பழகிவிட்டது. நாங்கள் போட்ட 24.04 பதிப்புக்கு 2027 ஏப்ரல் வரைதான் திருத்தங்கள். அதற்குள் அடுத்ததற்கு மாற வேண்டும் என்று காலண்டர் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.

உள்ளே போடும் நாளன்று கரண்ட் கட் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய லாப்டாப்பில் பேட்டரி அநேகமாகச் செத்திருக்கும். பாதியில் நின்றால் அவஸ்தை. பழைய டிஸ்க்கிலேயே போடுகிறவர்கள் ‘முழு டிஸ்க்கையும் அழி’ என்று ஒரு கேள்வி வரும் இடத்தில் நின்று நிதானித்து, நகல் எடுத்தாயிற்றா என்று இன்னொரு தரம் பார்த்துவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும். எனக்கு ஒரு கணக்கு, மகனுக்கு ஒரு கணக்கு என்று தனித்தனியாகத் திறந்தோம். புதிதாக எதையும் போட அவன் கணக்குக்கு அதிகாரம் கிடையாது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான், போகட்டும்.

குறையும் சொல்ல வேண்டுமல்லவா? டாலி போன்ற விண்டோஸ் கணக்குச் செயலியில் வேலை செய்கிற வீட்டுக்காரர் இருந்தால் முதலில் அவரிடம் கேளுங்கள். லினக்ஸில் அவை நேராக ஓடாது. வேர்டு கடிதங்களை ‘லிப்ரே ஆபீஸ்’ திறக்கும், ஆனால் பத்தி அமைப்பு சில சமயம் இடம் மாறும். பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்து வைத்த காகிதங்கள் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் கிறுக்கலாகத் தெரியும். சில பிரிண்டர்களும், சில வைஃபை சில்லுகளும் முரண்டு பிடிக்கும். பென் டிரைவில் ஓட்டிப் பார்க்கும்போதே வைஃபை, சத்தம், காமிரா, பிரிண்டர் நான்கையும் சோதித்துவிடுங்கள். எங்கள் லாப்டாப்பில் வீடியோவை 480-க்கு மேல் வைத்தால் இப்போதும் திணறுகிறது. பாடம் படிக்க அது போதும். தமிழில் எழுதத் தமிழ்99 விசைப்பலகை சேர்த்துக்கொள்ளலாம். லினக்ஸ் பற்றித் தமிழிலேயே படிக்க 2012 முதல் ‘கணியம்’ என்ற மின்னிதழ் வழி செய்திருக்கிறது.

சின்னவளுக்கு நாலு வயசு. அவளுக்கென்று ‘டக்ஸ் பெயின்ட்’ போட்டுக் கொடுத்திருக்கிறேன். 2002-ல் வந்த இலவசப் படம் வரையும் செயலி. அதில் விளம்பரம் கிடையாது, ‘அடுத்த வீடியோ’ கிடையாது. தூரிகையைத் தொட்டால் ஒரு சத்தம், முத்திரை குத்தினால் ஒரு சத்தம். இரண்டு வயதிலிருந்து பத்து வயது வரையிலான குழந்தைகளுக்கென்று ‘ஜிகாம்ப்ரி’ என்ற விளையாட்டுத் தொகுப்பும் இருக்கிறது. போனைக் கேட்டு அழுவது நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன், குறைந்திருக்கிறது.

பங்குனியில் நாத்தனார் வந்தாள். லாப்டாப்பைத் திறந்ததும், இத்தனை வருஷம் வைக்க முடியாத அந்தப் படத்தைத் திரை முழுக்கப் பார்த்தாள். அவள் பட்டமளிப்பு நாளன்று என் மாமியார் அந்த அங்கியைத் தான் போட்டுக்கொண்டு எடுத்த படம். ‘அம்மா’ பெட்டியில் படங்களுக்கு நடுவே இரண்டு நிமிஷ வீடியோ ஒன்றும் இருந்தது. மாவடு போடும் பக்குவத்தைச் சமையலறையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். “எட்டு படி வடுவுக்கு ஒரு படி உப்பு. முதல்லே விளக்கெண்ணெயிலே பிசிறிக்கணும். போதும்டீ, போனை வை” என்று முடிகிறது.

நான் இத்தனை வருஷமாக ஆறுக்கு ஒன்று என்று போட்டுக்கொண்டிருந்தேன். “அதான் அண்ணி உங்க மாவடு மட்டும் கரிக்குது!” என்றாள் நாத்தனார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. மறுநாள் காலையில் இரண்டு பேருமாக மார்க்கெட்டுக்குப் போய் எட்டு படி வடு வாங்கி வந்தோம்.